அப்பத்தா தாவிப் போன இடம்: ராமேஸ்வரமும் 'சாபவிமோசன'மும்

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. திக்கல் திணறல், நடுவுல குரைச்ச தெரு நாய், இதெல்லாம் எடுத்தாச்சு. மத்தபடி பேசினது பேசின மாதிரியே.)

இன்னைக்கு ஒரு தாவல் பத்திப் பேசப் போறேன்.

எங்க அப்பத்தா ராமாயணம் சொல்லும். ராமநாதபுரத்துல எங்க வீட்டுத் திண்ணையில, கரண்ட் போன ராத்திரிகள்ல. அப்பத்தாவுக்குக் காலண்டர் கிடையாது, எல்லாமே "புயலுக்கு முன்னாடி", "புயலுக்குப் பின்னாடி"தான். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அடிச்சிட்டுப் போச்சே, அந்தப் புயல். ராமாயணமும் புயலுக்கு முன்னாடி எப்பவோ நடந்ததுன்னுதான் சின்ன வயசுல நினைச்சிருந்தேன்.

அதோட ராமாயணத்துல ராவணன் கீழே விழுவான். அவன் விழுந்த அடுத்த வரியே புஷ்பக விமானம். "ஏறுங்கன்னாரு ராமரு. சீதை ஏறுச்சு, தம்பி ஏறுனாரு, அனுமாரு ஏறுனாரு, வீபீஷணன் ஏறுனாரு. மேல இருந்து பாத்தா நம்ம ஊரு தெரியுது." எனக்கு அங்கதான் குஷி. நம்ம ஊருக்கு மேல விமானம் பறக்குது! அப்புறம் ராமேஸ்வரத்துல இறங்குறாங்க, சீதை மணலைக் குவிச்சு லிங்கம் பண்ணுது, பூஜை நடக்குது, கதை முடிஞ்சது, தூங்கு.

நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிச்சது பத்தொன்பது வயசுல, இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல, புதுமைப்பித்தனோட ஒரு சிறுகதை வழியா. அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல ஊரைச் சொல்லிடறேன், ஏன்னா இந்த எபிசோடே ஊர்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

ராமேஸ்வரத்தோட தலபுராணம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ராவணன் விச்ரவஸ் முனிவரோட மகன், பிராமணன். அவனைக் கொன்னதால ராமனுக்குப் பிரம்மஹத்தி தோஷம். அது போகணும்னா சிவபூஜை பண்ணணும். லிங்கம் கொண்டு வர அனுமனைக் கயிலாயத்துக்கு அனுப்புறாங்க. நல்ல நேரம் தாண்டிப் போகுது, அனுமன் வரல. சீதை கடற்கரை மணல்லயே ஒரு லிங்கம் பிடிச்சு வெக்கிறா. அதுதான் ராமலிங்கம், ராமநாதசுவாமி. தாமதமா வந்த அனுமன் கோபப்பட்டு, மணல் லிங்கத்தைப் பெயர்க்கப் பார்த்து, முடியாமப் போறான். அவன் மனசு ஆறட்டும்னு அவன் கொண்டு வந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூஜைன்னு ராமன் சொல்லிடறான். இன்னைக்கும் அந்த வரிசைதான். டெலிவரி லேட்டானாலும் முதல் மரியாதை குடுத்த ஒரே இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

இந்தக் கதையில ஒரு கணக்கு இருக்கு. எத்தனையோ தடவை கேட்டும் எனக்கு உறைக்கல. ராமேஸ்வரத்துப் பூஜை எப்ப நடக்குது? யுத்தம் முடிஞ்சு திரும்பி வரும்போது. அப்படின்னா அக்கினிப் பிரவேசத்துக்கு அப்புறம். "உன் மேல சந்தேகம்"னு எல்லார் முன்னாடியும் சொல்லி, தீயில இறங்க வெச்சு, அதுல இருந்து வெளிய வந்த கையி. அந்தக் கைதான் மணலைக் குவிச்சு, ராமனோட பாவம் போறதுக்கு லிங்கம் பிடிக்குது.

கோயிலுக்குக் கிழக்க இருக்கற கடலுக்கு அக்னி தீர்த்தம்னு பேரு. அங்க குளிச்சிட்டுத்தான் உள்ள இருக்கற இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் போவாங்க. அந்தப் பேருக்குக் கரையில சொல்ற காரணங்கள்ல ஒண்ணு இது: சீதையைத் தொட்ட பாவம் தீர அக்கினி பகவானே வந்து குளிச்ச இடமாம். யோசிச்சுப் பாருங்க. ராமனுக்கு ராவணனைக் கொன்ன பாவம் இருக்கு, அதுக்கு லிங்கம் இருக்கு. சீதைகிட்டப் போன பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிட்டு வந்து நின்னது நெருப்பு மட்டும்தான்.

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நவீன எழுத்தாளர்கள் புராணத்தை அவங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதுறது சரியா? ஆயிரக்கணக்கான வருஷமா நம்பிக்கையா இருக்கறதுல கை வைக்க இவங்க யாரு?" மரியாதையாத்தான் கேட்டிருந்தார், அதனால மரியாதையாவே பதில் சொல்றேன். கை வைக்காம விட்ட காலம் ஒண்ணு இருந்ததுன்னு நீங்க நினைக்கறீங்க. அப்படி ஒண்ணு கிடையாது.

வால்மீகியில சீதை மணல் லிங்கம் பிடிச்ச கதை இல்ல. சேது கட்டும்போது மண்ணை உடம்புல ஒட்டிட்டு வந்து உதறின அணிலும் வால்மீகியில இல்ல. அந்த அணில் நம்ம ஆள்: தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில ஓடுது. அகலிகையை எடுத்துக்கங்க. வால்மீகியில அவ கல்லாகல. யார் கண்ணுக்கும் தெரியாம, காத்தை உண்டு, சாம்பல்ல கிடக்கணும்னுதான் சாபம். கம்பன்ல கல்லாகிறா. அக்கினிப் பிரவேசத்தையே கம்பன் எப்படி மாத்துறான்னு பாருங்க: தீ சீதையைச் சுடல, சீதையோட கற்புதான் தீயைச் சுடுது. அக்கினி தேவன் வெந்து போய் அலறிட்டு அவளைத் தூக்கிட்டு வரான். அக்னி தீர்த்தத்துக்குப் போனா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது கம்பனோட அந்த வெந்த அக்கினிதான்.

எங்க ஊர் அரண்மனையில இராமலிங்க விலாசம்னு ஒரு மண்டபம் இருக்கு. உள்ள பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். ராமாயணக் காட்சி ஒரு பக்கம், சேதுபதி மன்னர் தஞ்சை மராட்டியரோட போட்ட சண்டை ஒரு பக்கம், அவரோட அந்தப்புரம் இன்னொரு பக்கம். சேதுவைக் காக்கிறவர்னு பட்டம் வாங்கின மனுஷன், தன் கதையையும் அதே சுவர்ல எழுதி வெச்சுட்டார். ராமநாதபுரம் போனா பார்க்காம வராதீங்க.

ஆக, மாத்தலாமாங்கறது கேள்வியே இல்ல. எதுக்காக மாத்துறாங்க, மாத்தினதுல உயிர் இருக்கா, அதுதான் கேள்வி.

இப்ப 1943-க்குப் போவோம். தமிழ்நாட்டுல அந்த வருஷம் ராமாயணத்துக்குச் சுத்தி நிஜமாவே நெருப்பு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தணுமா வேண்டாமான்னு பொது மேடையில விவாதம். ஒரு பக்கம் அண்ணாதுரை. எதிர்ல சென்னையில ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்துல நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்தப் பேச்சுகள்தான் பிறகு 'தீ பரவட்டும்'னு புத்தகமாச்சு. மூணு வருஷம் கழிச்சு, 1946-ல, புலவர் குழந்தை 'இராவண காவியம்' எழுதினார். ராவணன் நாயகன், ராமன் எதிரி. 1948-ல அரசாங்கம் தடை போட்டுச்சு, 1971-லதான் எடுத்தாங்க.

கொளுத்து, இல்லைன்னா தலைகீழாத் திருப்பு. ரெண்டுக்கும் அரசியல் காரணம் இருந்தது, அதை நான் லேசாச் சொல்லல. ஆனா வாசகனா எனக்கு ஒரு குறை. ராமனை எடுத்துட்டு அந்தப் பீடத்துல ராவணனை உட்கார வெச்சாலும் பீடம் அப்படியேதான் இருக்கு.

அதே 1943-ல, கலைமகள் பத்திரிகையில, ஒரு சிறுகதை வருது. 'சாபவிமோசனம்'. எழுதினவர் புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம், திருநெல்வேலிக்காரர். கதைக்கு முன்னாடியே ஒரு குறிப்பு போட்டுடறார்: ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது ஒத்துவராமப் போகலாம், அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லங்கற மாதிரி. நம்ம நேயரோட கேள்வி அப்பவே வந்திருக்கும்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

கதை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மத்தவங்க 'சுபம்' போடுற இடத்துல. ராமன் காலடித் தூசி பட்டு அகலிகை எழுந்திருக்கா, சாபம் தீர்ந்துடுச்சு. நம்ம பாட்டிமார் கதையெல்லாம் அங்க முடிஞ்சிடும். இவர் கேட்கறது: அடுத்த நாள் காலையில என்ன ஆச்சு? புருஷன் கோதமனும் அவளும் திரும்ப ஒரே குடிசையில வாழணும். அவன் மன்னிச்சுட்டான், மனசார. அவளால அவளை மன்னிக்க முடியல. யார் எதைச் சொன்னாலும் அதுக்குள்ள வேற அர்த்தம் ஒளிஞ்சிருக்கோன்னு நடுங்குறா. சகஜமா ஒரு வார்த்தை பேச முடியல. இப்ப நம்ம கவுன்சலிங்குக்குப் போய்ப் பேசுற விஷயம் இது. 1943-ல, ஒரு ரிஷி பத்தினியை வெச்சு எழுதியிருக்கார்.

அவளுக்கு ஒரே பிடிப்பு ராமன். எந்தக் கேள்வியும் கேட்காம, எந்த அத்தாட்சியும் கேட்காம, அவ குத்தமில்லாதவன்னு ஏத்துக்கிட்டவன் அவன் ஒருத்தன்தான். பதினாலு வருஷம் போகுது. ராமனும் சீதையும் திரும்பி வராங்க, அகலிகையைப் பார்க்க வராங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளிய நடக்கப் போயிடறாங்க. உள்ள ரெண்டு பொம்பளைங்க பேசிட்டிருக்காங்க. பேச்சோட பேச்சா, சீதை தீக்குளிச்ச கதையைச் சொல்றா.

அகலிகைக்கு எல்லாம் உடையுது. அவன் கேட்டானா? கேட்டான். நீ செஞ்சியா? செஞ்சேன். என்கிட்ட எதுவும் கேட்காதவன், உன்கிட்டயா அத்தாட்சி கேட்டான்? சீதை அதைச் சிரிச்சே கடந்து போகப் பார்க்கிறா, ஊருக்கு நிரூபிக்க வேண்டாமான்னு. அகலிகையால கடக்க முடியல. கதை முடியும்போது அவ திரும்பக் கல்லாகிடறா. இந்தத் தடவை யாரும் சபிக்கல. கோதமன் துறவியாப் போறான்.

நான் இதைப் படிச்சது செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம், மேல்பெர்த்துல படுத்துக்கிட்டு. ஹாஸ்டல்ல இரும்புக் கட்டிலை அப்படித்தான் சொல்லுவோம். அகலிகை கல்லானதை விட எனக்குப் பெரிய அதிர்ச்சி, சீதை தீக்குளிச்சாங்கற தகவல். சிரிக்காதீங்க. டிவி சீரியல்ல பார்த்திருக்கணும், பாட்டுல கேட்டிருக்கணும். ஆனா எனக்கு ராமாயணம்னா அப்பத்தா சொன்னது. அதுல தீ இல்ல.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். பழைய கோட்ல சில இடத்துல யாரோ ஒரு புண்ணியவான், பத்து வருஷம் முன்னாடி, "இதைத் தொடாதே"ன்னு மட்டும் எழுதி வெச்சிருப்பான். ஏன்னு எழுதியிருக்க மாட்டான். எழுதினவனும் வேலையை விட்டுப் போயிருப்பான். அப்பத்தாவோட தாவல் எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. ஒரு வித்தியாசம், எழுதினவங்க இன்னும் திண்ணையிலதான் உட்கார்ந்திருக்காங்க. லீவுக்குப் போனதும் நேராக் கேட்டுட்டேன்.

"அப்பத்தா, சீதை தீயில எறங்குனத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டிருந்தது. தலையைத் தூக்கல.

"அதச் சொல்லிப்புட்டு, அப்புறம் அந்த மனுசனக் கும்புடுன்னு ஒன்னய எப்புடிய்யா சொல்லுவேன்?"

எங்க அப்பத்தா மூணாவது வரைக்கும் படிச்சது. புதுமைப்பித்தன் பேரே கேள்விப்பட்டதில்ல. ஆனா ரெண்டு பேரும் தடுக்கி நின்னது ஒரே கல்லுல. ஒருத்தர் அங்கயே உட்கார்ந்து கதை எழுதிட்டார். இன்னொருத்தர் பேரன் கையைப் பிடிச்சுத் தாண்ட வெச்சுட்டாங்க. பக்தி இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வி வராது, படிச்சவங்களுக்கும் நாத்திகருக்கும்தான் வரும்னு சொல்றவங்ககிட்ட நான் எப்பவும் அப்பத்தாவைத்தான் காட்டுவேன். அது வாழ்க்கையில ஒரு ஏகாதசி கூட விட்டதில்ல.

இதே இடத்துல தடுக்கினவங்க பக்கத்து மொழிகள்லயும் இருக்காங்க. மலையாளத்துல குமாரன் ஆசான், 1919-லயே 'சிந்தாவிஷ்டயாய சீதா' எழுதினார். வால்மீகி ஆசிரமத்துல ஒரு சாயங்காலம் சீதை தனியா உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் நினைச்சுப் பார்க்கிறா, ராமனைக் கேள்வி கேட்கிறா. தெலுங்குல ஓல்காவோட 'விமுக்தா', அதுல சீதை சூர்ப்பனகையைச் சந்திக்கிறா, அகலிகையைச் சந்திக்கிறா. 2015-ல சாகித்ய அகாதமி வாங்கின தொகுப்பு. தமிழ்ல அம்பையோட 'அடவி'. செந்திருங்கற நம்ம காலத்துப் பெண் காட்டுக்குப் போய்ச் சீதையோட கதையைத் தன் கையால எழுதுறா. அதுல ராவணன் சீதைக்கு வீணை சொல்லித் தர முன்வருவான். மத்ததெல்லாம் விட்டாலும் அதை மட்டும் படிச்சிடுங்க.

ஆனா எனக்கு வாயடைச்சுப் போனது கன்னடத்துல. குவெம்பு, 1949-ல 'ஸ்ரீ ராமாயண தர்சனம்' எழுதினார். 1967-ல ஞானபீடம். அதுல அக்கினிப் பிரவேசம் அப்படியே இருக்கு, அவர் தாவல. சீதை தீக்குள்ள போறா. கூடவே ராமனும் போறான். சந்தேகப்பட்டவனுக்கும் அதே பரீட்சை. குவெம்பு பக்தர், ராமனை நேசிச்சவர். ராமனைக் காப்பாத்த அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அவனையும் தீக்குள்ள அனுப்புறது.

எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா, மனசு குவெம்பு பக்கம் போகுது, ஆனா நம்புறது புதுமைப்பித்தனை. குவெம்புவோட ராமன் இருந்திருக்கணும்னு ஆசைப்படலாம். கல்லாகிப் போற அகலிகையை நான் நிஜத்துல பார்த்திருக்கேன். எங்க சொந்தத்துலயே ஒரு அத்தை. புருஷன் ஒரு தடவை சந்தேகப்பட்டார், அப்புறம் மன்னிப்பும் கேட்டார், ஊரே சமாதானம் பண்ணி வெச்சது. அத்தை சமைச்சாங்க, பிள்ளைகளை வளர்த்தாங்க, எல்லாம் செஞ்சாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்ததில்ல. இதுக்கு மேல சொல்றது நியாயமில்ல.

ராமாயணம் யாரோட சொத்துங்கற கேள்விக்கும் எங்க கரையில ஒரு பதில் இருக்கு. அப்துல் கலாமோட 'அக்னிச் சிறகுகள்' எல்லாரும் பள்ளிக்கூடப் பரிசா வாங்கியிருப்பீங்க, பாதிப் பேர் பிரிச்சிருக்க மாட்டீங்க. முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படிங்க. அவர் அப்பா, யாத்ரிகர்களை தனுஷ்கோடிக்கு ஏத்திட்டுப் போக மரப்படகு கட்டுறார். சீதா ராமர் கல்யாண உற்சவத்துல சாமியை ராம தீர்த்தக் குளத்து நடுவுல இருக்கற மண்டபத்துக்குக் கொண்டு போக, படகு ஏற்பாடு பண்றது அவங்க குடும்பம். ராத்திரி அம்மாவும் பாட்டியும் பிள்ளைகளுக்குச் சொல்ற கதை, ராமாயணமும் நபிகளோட வாழ்க்கையும். அந்த வீட்டுப் பாட்டி அக்கினிப் பிரவேசத்துக்கு வந்ததும் என்ன பண்ணியிருப்பாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.

ரெண்டு வருஷம் முன்னாடி தை அமாவாசைக்கு அப்பத்தாவை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனேன். அக்னி தீர்த்தத்துல நிக்க இடமில்ல. இடுப்பளவு தண்ணி, அலையே இல்லாத கடல், கரை முழுக்க ஈரத்துணி. குளிச்சிட்டு வந்து மணல்ல உட்கார்ந்து தலை துவட்டிட்டிருக்கும்போது, 'சாபவிமோசனம்' கதையை அதுகிட்டச் சொன்னேன். புத்தகத்துல இருக்கற மாதிரி இல்ல, அது எனக்குச் சொன்ன மாதிரியே, பேச்சு வழக்குல. பயந்துகிட்டேதான் சொன்னேன், அமாவாசையும் அதுவுமா.

முழுசாக் கேட்டுச்சு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"கல்லாப் போனவ, பெறகு எந்திரிச்சாளா?"

"இல்ல அப்பத்தா. அதோட கதை முடிஞ்சுருச்சு."

"ம்ம். இனி அவரே வந்து மிதிச்சாலும் எந்திரிக்க மாட்டா." அப்படிச் சொல்லிட்டு, ஈரச் சேலையை உதறிட்டு, "வா, உள்ள கூட்டம் ஏறிரும்"னு கோயிலுக்கு நடந்துச்சு. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுச்சு. ராமநாதசுவாமி முன்னாடி எப்பவும் போல கன்னத்துல போட்டுக்கிச்சு.

போன பொங்கலுக்கு அக்கா பொண்ணு வந்திருந்தா, ஏழு வயசு. அப்பத்தாவுக்கு இப்ப மூச்சு வாங்குது, நீளமாக் கதை சொல்ல முடியல. "ஒங்க மாமன் சொல்லுவான், அவன்தான் மைக்கு வெச்சுப் பேசுறானே"ன்னு என்கிட்டத் தள்ளி விட்டுடுச்சு. சொன்னேன். மான், பர்ணசாலை, ஜடாயு, அணிலுக்குத் தனியாப் பத்து நிமிஷம். ராவணன் விழுந்தான். பாப்பா கண்ணை அகலமா வெச்சுக்கிட்டு, அப்புறம்னு கேட்டா.

"அப்புறம் எல்லாரும் புஷ்பக விமானத்துல ஏறுனாங்க"ன்னு வாயில வந்துருச்சு.

உள்ள கட்டில்ல படுத்திருந்த அப்பத்தா சிரிச்சது திண்ணை வரைக்கும் கேட்டுச்சு.